மூன்று இசைத்தட்டுகள் போதும்

எண்ணிக்கையை வணங்கும் காலம் இது. எத்தனை நூல் எழுதினான், எத்தனை படத்துக்கு இசையமைத்தான், எத்தனை கட்டுரை வெளியிட்டான் என்று கேட்ட பிறகுதான் ஒருவனை நாம் ஏறிட்டுப் பார்க்கிறோம். எண்ணிக்கையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அறிவியல் படிப்பவன் எண்ணைப் பழிக்கலாமா? ஆனால் எதை எண்ணுகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். மூட்டைக் கணக்கை மட்டும் சொல்லி, உள்ளே இருப்பது நெல்லா பதரா என்று சொல்லாத வணிகனை நாம் நம்புவதில்லை. கலையிலும் ஆராய்ச்சியிலும் மட்டும் மூட்டைக் கணக்கை ஏன் நம்புகிறோம்?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஓர் இசைக்குழுவைத் துணைக்கு அழைக்கிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த அக்குழுவின் பெயர் போர்ட்டிஸ்ஹெட். 1991ஆம் ஆண்டில் உருவான குழு அது. பதிவறையில் உருவாக்கி அவர்கள் இதுவரை வெளியிட்ட இசைத்தட்டுகள் மூன்றே மூன்று. 1994இல் ஒன்று, 1997இல் ஒன்று, 2008இல் ஒன்று. ஒவ்வொன்றிலும் 11 பாட்டு. ஆக மொத்தம் 33. இடையில் 1998இல் ஒரு மேடைப் பதிவு வந்தது. பிறகு இரண்டொரு தனிப் பாடல்கள். கணக்கு முடிந்தது.

"முப்பது ஆண்டுக்கு மூன்றா? சரியான சோம்பேறிகள்!" என்று விடுதி நண்பர் ஒருவர் சிரித்தார். அவர் சிரிப்புக்கு விடை சொல்லவே இதை எழுதுகிறேன். அந்தக் குறைவுக்குப் பெயர் நேர்மை என்பது என் கட்சி.

முதலில் அவர்கள் யார் என்று பார்ப்போம். இங்கிலாந்தின் மேற்கே பிரிஸ்டல் என்ற துறைமுக நகரம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜமைக்கா முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து மக்கள் அங்கே குடியேறினர். பிழைக்க வந்தவர்கள் பெட்டியில் துணிமணி மட்டுமா கொண்டு வந்தார்கள்? பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, நெஞ்சுக்கூடு அதிரும்படி தாழ்சுரத்தை முழங்கவிடும் தங்கள் இசைப் பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது புரியாத செய்தி அன்று. அந்த முழக்கமும், அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் ஹிப் ஹாப் இசையும் கலந்த மண்ணில் 1991இல் மாசிவ் அட்டாக் என்ற குழு 'ப்ளூ லைன்ஸ்' என்ற தட்டை வெளியிட்டது. அது பதிவான கோச் ஹவுஸ் என்ற பதிவறையில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த இளைஞர்தான் ஜெஃப் பாரோ. பிரிஸ்டலுக்கு அருகில் போர்ட்டிஸ்ஹெட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அந்த ஊரின் பெயரையே பின்னர் குழுவுக்கு இட்டார்.

வேலையில்லாதவர்கள் சொந்தமாகத் தொழில் தொடங்க அரசு சிறிது உதவித்தொகை கொடுக்கும் திட்டம் ஒன்று அந்நாளில் அங்கே இருந்தது. அதற்கான வகுப்பில் 1991இல் பாரோ ஒரு பாடகியைச் சந்தித்தார். பெயர் பெத் கிப்பன்ஸ். பிறகு ஏட்ரியன் அட்லி என்ற ஜாஸ் கிட்டார்க் கலைஞர் சேர்ந்தார். ஒலிப்பொறியாளர் டேவ் மெக்டொனால்ட் துணை நின்றார். வேலையில்லாதோர் வகுப்பில் கருக்கொண்ட குழு என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

1994 ஆகஸ்டில் 'டம்மி' வந்தது. நான் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு. ஆனாலும் அதை முதன்முதலாகக் கேட்டபோது, அதைவிடப் பழைய காலத்துப் பொருள் ஒன்று கைக்குக் கிடைத்ததுபோல் இருந்தது. காரணம் அதன் இரைச்சல். ஊசி தேய்ந்து, தூசி படிந்து, கீறல் விழுந்த பழைய தட்டு எழுப்பும் 'சரசர' ஒலி பல பாடல்களின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் மெதுவான முழவு. அதன்மேல் துப்பறியும் படங்களில் வரும் கிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் பெத் கிப்பன்சின் குரல்.

இயற்பியல் ஆய்வகத்தில் என் நாள் முழுதும் இரைச்சலோடுதான் மல்லுக்கட்டுகிறேன். எனக்கு வேண்டியது குறிகை, இரைச்சல் பகை. அதை ஒழிக்கக் கம்பிக்கு உறை போடுகிறோம், கருவியைக் குளிர்விக்கிறோம், இரவில் மின்தூக்கி ஓடாத நேரமாகப் பார்த்து அளக்கிறோம். இந்தக் குழுவினரோ இரைச்சலை விலைகொடுத்து வாங்கியவர்கள்போல் வரவேற்று உள்ளே உட்கார வைத்தார்கள். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது: அவர்களுக்கு அந்தச் சரசரப்பே குறிகை. ஒரு பொருள் பலர் கையில் புழங்கி, பல வீடு மாறி, காலத்தைக் கடந்து வந்திருக்கிறது என்ற செய்தியை அது சுமக்கிறது. தேய்மானமும் ஒரு தகவல்தான் என்பதைப் பாறையைப் படிக்கும் புவியியல் மாணவன் அறிவான். காது அதைக் கண்டுபிடிக்க இந்தத் தட்டு தேவைப்பட்டது.

'டம்மி'யின் பாடல்கள் சிலவற்றின் எலும்புக்கூடு கடனாகப் பெற்றது. 'சவர் டைம்ஸ்' என்ற பாட்டில் லாலோ ஷிஃப்ரின் 1960களில் அமைத்த ஓர் இசைத்துண்டு ஓடுகிறது. 'குளோரி பாக்ஸ்' பாட்டுக்கு அடித்தளம் ஐசக் ஹேஸ் 1971இல் பதிவு செய்த ஒரு பாட்டின் துண்டு. இப்படிப் பழைய தட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் புதிய பாட்டைக் கட்டுவது ஹிப் ஹாப் உலகின் வழக்கம். எடுத்தவர்கள் மூலத்தின் பெயரைத் தட்டின் உறையில் அச்சிட்டார்கள். நாம் ஆராய்ச்சிக் கட்டுரையின் இறுதியில் மேற்கோள் நூல்களைச் சொல்வது போன்றதுதான் அது.

இதில் ஒரு சுவையான செய்தி. அதே ஐசக் ஹேஸ் துண்டை எடுத்து, அதே பிரிஸ்டலைச் சேர்ந்த டிரிக்கி என்ற கலைஞரும் 1995இல் ஒரு பாட்டுக் கட்டினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே செங்கல், இரண்டு வீடு. ஒன்றில் ஒரு பெண் காதலின் களைப்பைச் சொல்கிறாள். மற்றதில் ஒருவன் பாதி மூச்சில் முணுமுணுத்துத் தெருவை அளக்கிறான். 'கடன் வாங்கியவனுக்குச் சொந்தச் சரக்கு ஏது?' என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு பாட்டும் போதிய விடை. 1995ஆம் ஆண்டின் மெர்க்குரி பரிசுக்கு இருவர் தட்டும் போட்டியிட்டன. பரிசு 'டம்மி'க்குக் கிடைத்தது.

இனித்தான் கதையின் முடிச்சு. வெற்றி வந்தது, விற்பனை வந்தது. அந்த இசைக்கு 'ட்ரிப் ஹாப்' என்று பத்திரிகைகள் பெயரும் சூட்டிவிட்டன. அந்தப் பெயரைப் பாரோ விரும்பவில்லை. பெயர் வந்தால் அச்சும் வந்துவிடும் அல்லவா? மெதுவான முழவு, பழைய தட்டின் சரசரப்பு, சோகமான பெண்குரல்: இந்த மூன்றையும் கலந்தால் பண்டம் தயார் என்று பலர் கிளம்பினார்கள். உள்ளத்தை உலுக்கப் பிறந்த இசை, உணவு விடுதியில் தட்டும் கரண்டியும் மோதும் ஒலிக்குப் பின்னணியாயிற்று.

வணிகன் இந்த இடத்தில் என்ன செய்வான்? ஆண்டுக்கு ஒரு 'டம்மி' செய்து அடுக்குவான். அச்சு கையில் இருக்கிறது, வார்ப்பதுதானே வேலை!

இவர்கள் அதைச் செய்யவில்லை. மூன்று ஆண்டு உழன்றார்கள். பாரோ தாம் செய்வது எதிலும் நிறைவு காணாமல் மாதக்கணக்கில் தவித்தார். 1997இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு இரண்டாவது தட்டு வந்தது. அதற்கு அவர்கள் கையாண்ட முறையைப் பாருங்கள். பிறர் தட்டிலிருந்து துண்டு எடுப்பதைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். தாங்களே நரம்பிசையும் ஊதிசையும் முழவும் வாசித்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவைத் தட்டாக வார்த்தார்கள். அந்தப் புதுத் தட்டை வேண்டுமென்றே தேய்த்துப் பழசாக்கினார்கள். பிறகு அதிலிருந்து துண்டு எடுத்துப் பாட்டுக் கட்டினார்கள்! முதல் தட்டில் ஓரளவு செய்து பார்த்த முறையே இரண்டாவதில் முழு விதியாயிற்று.

'தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறார்களே' என்று தோன்றலாம். அப்படி அன்று. கடையில் வாங்கிய மாதிரிப் பொருளை வைத்துச் சோதனை செய்து வெற்றி கண்ட ஆராய்ச்சியாளன், 'இந்த விளைவு என் முறையால் வந்ததா, வாங்கிய பொருளால் வந்ததா?' என்று ஐயுற்று, அடுத்த முறை பொருளையும் தானே காய்ச்சிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. சோதித்தார்கள், விளைவு நின்றது. கேட்டால் இரண்டாவது தட்டு முதலாவதைவிடக் கரடுமுரடாக இருக்கும். கிப்பன்சின் குரல் சில இடங்களில் சூனியக்காரியின் குரல்போல் கீச்சிடும். இனிமை குறைந்தது என்று வருந்தியவர்களும் உண்டு. உண்மை கூடியது என்பது என் கருத்து.

1997 ஜூலையில் நியூயார்க்கின் ரோஸ்லேண்ட் அரங்கில் பெரிய நரம்பிசைக் குழுவோடு வாசித்தார்கள். அதையே தலையாகக் கொண்ட மேடைப் பதிவு 1998இல் வந்தது. பதிவறையில் துண்டு துண்டாகக் கட்டிய இசையை மனிதர்கள் கூடி உட்கார்ந்து வாசிக்க முடியும் என்பதற்கு அது சான்று. அதன்பின் அமைதி. பத்தாண்டுக்கு மேல் குழுவின் பெயரில் புதிய தட்டு இல்லை. பாரோ களைத்து, சில காலம் இசையைவிட்டே விலகியிருந்தார். கிப்பன்ஸ் 2002இல் ரஸ்டின் மேன் என்பவரோடு சேர்ந்து வேறு வகையான தட்டு ஒன்றை வெளியிட்டார்.

2008 ஏப்ரலில் 'தேர்டு' வந்தது. தலைப்பிலேயே கணக்கு, மூன்றாவது என்பதுதான் பொருள். நான் அப்போது பள்ளியில் கால் வைத்த சிறுவன். இந்தத் தட்டில் அவர்கள் செய்தது இன்னும் துணிச்சலான செயல். தங்கள் முத்திரையாகவே ஆகிவிட்ட தட்டுக் கீறலையும், சுழல்தட்டு வித்தையையும் தூக்கி எறிந்தார்கள். முதல் பாட்டு, போர்ச்சுகீசிய மொழியில் ஒரு குரல் பேசத் தொடங்கும். பிறகு முழவு துரத்தும். இசை உச்சத்தில் இருக்கும்போதே கத்தியால் வெட்டியதுபோல் அறுந்து நிற்கும். கருவி கெட்டுவிட்டதோ என்று கேட்பவன் கைப்பேசியைத் தட்டிப் பார்ப்பான். 'மெஷின் கன்' என்ற பாட்டில் முழவு பெயருக்கேற்பச் சுடும். அதன் நடுவே அந்தக் குரல் நடுங்காமல் நிற்கும். அதற்குச் சற்று முன்னரோ யுகுலேலி என்ற சிறு நரம்புக் கருவியோடு ஒரு குட்டிப் பாட்டு. 'டம்மி'யைத் திரும்பக் கேட்கலாம் என்று பத்தாண்டு காத்திருந்தவனுக்கு இவர்கள் கொடுத்தது வேறொன்று.

மூன்று தட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் கடன் வாங்கிய துண்டும் இரைச்சலும் இருந்தன. இரண்டாவதில் கடன் போயிற்று, இரைச்சல் இருந்தது. மூன்றாவதில் இரைச்சலும் போயிற்று. ஒவ்வொரு முறையும் எது தங்களைத் தாங்கியதோ அந்த ஊன்றுகோலை எடுத்துவிட்டு, நிற்க முடிகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். நின்ற பிறகே வெளியிட்டார்கள். மூன்று மட்டுமே இருப்பதற்குக் காரணம் இதுதான். நான்காவதற்கு எடுத்தெறிய எது மிச்சம் என்று அவர்களுக்குத் தெரிந்தால் நான்காவது வரும், தெரியாவிட்டால் வராது. இரண்டும் நன்றே.

'வேறு வேலை இல்லாமல் படுத்துக் கிடந்தார்கள்' என்றும் சொல்ல முடியாது. பாரோ பென் சாலிஸ்பரியோடு சேர்ந்து 'எக்ஸ் மெஷினா' போன்ற திரைப்படங்களுக்கு இசை அமைத்தார். கிப்பன்ஸ், போலந்து நாட்டு இசைமேதை கொரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியை, தாம் பேசாத போலிஷ் மொழியில் கற்றுப் பாடினார். 2014இல் பதிவான அது 2019இல் வெளிவந்தது. தெரியாத மொழியின் ஒலியை ஒவ்வொன்றாக நாவில் பழக்குவது எத்தனை பாடு என்பது, இவ்வூர் மொழியைக் காய்கறிக் கடையில் கற்றுக்கொண்ட நமக்குத் தெரியும். 2024இல் 'லைவ்ஸ் அவுட்குரோன்' என்ற தனித் தட்டையும் வெளியிட்டார். ஆகவே உழைப்பு ஓயவில்லை. குழுவின் பெயரை மட்டும் மலிவாக்கவில்லை.

என் கட்சிக்கு எதிராக இரண்டு வாதங்கள் உண்டு. இரண்டும் வலிமையானவை.

முதலாவது: 'மிகுதியாகப் படைப்பது குற்றமா? இளையராஜா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசை தந்தவராயிற்றே!' குற்றம் இல்லை. ஊற்றுப் பெருகினால் இறைக்கத்தான் வேண்டும். குறுந்தொகையில் ஒரே பாட்டால் வாழும் செம்புலப் பெயனீராரும் நமக்குப் புலவர். நூற்றுக்கணக்கில் பாடிய கபிலரும் நமக்குப் புலவர். கபிலரைப் பார்த்து யாரும் 'குறைத்துக்கொள்' என்று சொல்லவில்லை. செம்புலப் பெயனீராரைப் பார்த்து யாரும் 'இன்னும் பத்து எங்கே?' என்றும் கேட்கவில்லை. நான் கேட்பதும் அந்த நடுநிலைதான். குறைவை மட்டும் குற்றமாகக் கருதாதீர்கள்.

இரண்டாவது வாதம் கூர்மையானது: 'மௌனம் பணக்காரனின் உரிமை. முதல் தட்டு நன்றாக விற்றது. ஆகவே காத்திருக்க முடிந்தது. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் கலைஞன் பத்தாண்டு காத்திருப்பானா?' இதை நான் மறுக்க மாட்டேன். அதனால்தான் அந்த வேலையில்லாதோர் வகுப்பை முன்பே நினைவூட்டினேன். முதல் தட்டுக்கு முன்பு அவர்களுக்கு விற்பனைப் பணம் ஏது? அரசு கொடுத்த சிறு தொகையும், பதிவறையில் இரவில் கிடைத்த ஓய்வு நேரமுமே முதல். பொறுமை என்பது தனிமனிதனின் குணம் மட்டும் அன்று. அதற்கு அரிசியும் வாடகையும் யாராவது கொடுக்க வேண்டும். காலத்தை வாங்கித் தரும் சமுதாயத்தில்தான் காத்திருக்கும் கலை பிறக்கும். காத்திருக்கும் ஆராய்ச்சியும் அங்கேதான் பிறக்கும்.

இங்கேதான் என் சொந்தக் கவலை. முதுகலை முடித்து ஆராய்ச்சியில் கால் வைத்திருக்கும் இருபத்து மூன்று வயது மாணவன் நான். உதவித்தொகை மாதந்தோறும் வருகிறதோ இல்லையோ, 'எத்தனை கட்டுரை?' என்ற கேள்வி தவறாமல் வருகிறது. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் நீக்கிவிட்டது. விதி போயிற்று, பழக்கம் போகவில்லை. நேர்காணலில் எண்ணுகிறார்கள், விண்ணப்பத்தில் எண்ணுகிறார்கள். 'ஒரு முடிவை மூன்றாக நறுக்கு, மூன்று இதழுக்கு அனுப்பு' என்று மூத்த மாணவர் ஒருவர் அன்போடுதான் எனக்கு அறிவுரை சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்.

ஆயினும் ஓர் எளிய கணக்கை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றை நூறு முறை அளந்து சராசரி எடுத்தால், தற்செயலான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். நூறு அளவு, ஒரு விடை. எஞ்சிய தொண்ணூற்றொன்பதும் வீண் என்று யாராவது சொல்வார்களா? அந்த நூறும் சேர்ந்துதானே அந்த ஒன்று! பத்தாண்டும் பதினோரு பாட்டும் அப்படிப்பட்ட கணக்குத்தான். நறுக்கி அனுப்புகிறவன் பத்து அளவுக்கு ஒரு விடை வீதம் பத்து விடை சொல்கிறான். விடை பெருகுகிறது, அதோடு இரைச்சலும் பெருகுகிறது.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமைக் கூட்டங்களில் பழைய திரைப்பாட்டுக் கேட்கிறோம், நல்லது. மூன்று சனிக்கிழமைகளை இந்த மூன்று தட்டுகளுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். வரிசை மாற்ற வேண்டாம். 1994, 1997, 2008 என்றே கேளுங்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் நலம். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், அடுத்த இதழில் மறுப்பு எழுதுங்கள், வாதம் செய்ய நான் ஆயத்தம்.

என் முதல் கட்டுரை எப்போது என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். அளவீடு இன்னும் முடியவில்லை. முடிந்ததும் எழுதுவேன். ஒன்றாகவே எழுதுவேன்.